மஞ்சள் சீட்டு: ‘ஏழை படும் பாடு’ நாவலை முன்வைத்துச் சில கேள்விகள்

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது மொழிபெயர்ப்பு இலக்கியம் என்று ஒரு தாள் இருந்தது. பேராசிரியர் ஒருவர் ‘ஏழை படும் பாடு’ நாவலை ஒரு மணி நேரம் கதையாகவே சொன்னார். வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடியவனைப் போலீஸ் பிடித்து வர, அதெல்லாம் தான் கொடுத்ததுதான் என்று சொல்லி, வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் பாதிரியார் எடுத்துக் கொடுக்கிற இடம் வந்தது. பேராசிரியர் குரல் தழுதழுத்தது. வகுப்பில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். அதே வாரம், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எஸ்.சி. பிள்ளைகளை ஒதுக்கி உட்கார வைக்கிறார்கள் என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் அவரிடம் போய்ச் சொன்னோம். ‘இதையெல்லாம் பெரிசு பண்ணாதீங்கம்மா’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாவல் ஒரு மனுஷனை உலுக்கி அழவைக்கிறது. அழுது முடித்ததும் அவன் இருந்த இடத்திலேயே இருந்துவிடவும் அதே நாவல் அனுமதிக்கிறது. இது எப்படி நடக்கிறது? பிரதியிலேயே அதற்கு இடமிருக்கிறதா, தமிழுக்கு வந்த வழியில் நடந்ததா, பின்னால் வந்த கதைகளும் படங்களும் செய்த வேலையா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

1

விக்டர் ஹியூகோவின் ‘லே மிஸெராப்ல்’ 1862-இல் வந்தது. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறி, கெர்ன்சி தீவில் இருந்தபடி அவர் முடித்த நாவல். இன்று எல்லோரும் கும்பிடுகிற இந்த நாவலை அன்று எல்லோரும் கும்பிடவில்லை. கவிஞர் லமார்த்தீன், நடக்க முடியாதவற்றின்மேல் மக்களுக்கு வெறியை மூட்டுகிற ஆபத்தான புத்தகம் என்று விரிவாகவே எழுதினார். போதலேர் பத்திரிகையில் பாராட்டி எழுதிவிட்டுத் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் திட்டித் தீர்த்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1864-இல் இதைத் தடைநூல் பட்டியலில் சேர்த்தது. 1959-இல்தான் எடுத்தது. ஒரு பாதிரியாரைக் கிட்டத்தட்டப் புனிதராகக் காட்டிய நாவலுக்கே இந்தக் கதி.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்காவில் நடந்தது. அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863–64-இல், அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென் மாநிலங்களின் தலைநகரான ரிச்மண்டில் இந்த நாவல் ஆங்கிலத்தில் அச்சானது. அடிமை முறையைக் கண்டித்த வரிகளை எடுத்துவிட்டு அச்சிட்டார்கள். கதை அப்படியே இருந்தது. தளபதி லீயின் படையாட்கள் இதை விரும்பிப் படித்தார்கள். தங்களையே ‘லீயின் மிஸெராப்ல்கள்’ என்று கேலியாக அழைத்துக்கொண்டார்கள். அடிமைகளை வைத்திருக்கிற உரிமைக்காகத் துப்பாக்கி தூக்கியவன், ‘நான்தான் துயரப்பட்டவன்’ என்று ஹியூகோவின் தலைப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். நாலு வரியை எடுத்தால் போதும், ஒரு கலகப் பிரதி ஆண்டையின் பிரதியாகிவிடும்.

2

தமிழுக்கு இதைக் கொண்டுவந்தவர் சுத்தானந்த பாரதி. புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தில், நீண்ட காலம் இருந்தவர். பிரெஞ்சு கற்றவர். ஹியூகோவின் இன்னொரு நாவலையும் ‘இளிச்சவாயன்’ என்று தமிழில் தந்தவர். அவர் உழைப்புக்கு மரியாதை உண்டு. தலைப்போடுதான் எனக்குச் சண்டை.

பிரெஞ்சில் ‘மிஸெராப்ல்’ என்பதற்கு இரண்டு பொருள். வறுமைப்பட்டவன் என்பது ஒன்று. கேடுகெட்டவன், இழிந்தவன் என்பது இன்னொன்று. இந்த இரண்டு கூட்டத்தையும் சமூகம் ஒரே சொல்லால் அடிக்கிறதே, அது யார் குற்றம் என்பதுதான் ஹியூகோ நாவலுக்குள் கேட்கிற கேள்வி. ‘ஏழை’ என்று சொல்லும்போது முதல் பொருள் வருகிறது. இரண்டாவது விழுந்துவிடுகிறது. மலையாளத்தில் நாலப்பாட்டு நாராயண மேனோன் 1925-இல் ‘பாவங்ஙள்’ என்று வைத்ததிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

தமிழில் அந்த இரண்டாவது பொருளுக்குச் சொல் இல்லையா? இருக்கிறது. கட்டில் பின்னுகிறவனையும் பறை அடிக்கிறவனையும் ‘இழிசினன்’ என்று புறநானூறு சொல்கிறது. சொல் பழசு. உறை போட்டு வைத்திருக்கிறோம். ஏனென்றால் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தால், இழித்தது யார் என்று கேள்வி வரும். ‘ஏழை’ என்று வைத்தால் வராது. ஏழ்மைக்கு விதி காரணம், மழை காரணம், குடி காரணம். கை நீட்டிக் காட்ட ஆள் வேண்டாம்.

கே. டானியல் 1972-இல் யாழ்ப்பாணத்திலிருந்து தன் நாவலுக்குப் ‘பஞ்சமர்’ என்று பெயர் வைத்தார். அந்தத் தலைப்புக்குள் வேறு யாரும் வந்து உட்கார முடியாது. ‘ஏழை’க்குள் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். 2019-இல் 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் என்று வரம்பு வைத்தார்கள். எஸ்.சி., எஸ்.டி., பிற்படுத்தப்பட்டோர் அதில் சேர முடியாது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைச் செல்லும் என்றது. அதாவது அந்தச் சட்டத்தின் கண்ணில், கழுவெளித் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் ‘ஏழை’ இல்லை. சொல்லை யார் கையில் கொடுக்கிறோம் என்பது இலக்கியச் சிக்கல் மட்டும் இல்லை தோழர்களே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர். கடப்பாக்கம் இன்றைக்கு அதே பெயருள்ள பேரூராட்சியில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டில் பாணர் குடும்பத்தின் பசி வருகிறது. குப்பைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அடுத்தவர் பார்த்துவிடக் கூடாதே என்று கதவை அடைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஏழ்மையின் வெட்கம் அது. ஏழை தன் கதவைத் தானே சாத்துகிறான். ஹியூகோவின் நாவலில் தீஞ் நகரத்து இரவில், சிறையிலிருந்து வந்த ழான் வல்ழான் காசைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறான். சத்திரக்காரன் கதவைச் சாத்துகிறான், சாராயக் கடைக்காரன் சாத்துகிறான், குடித்தனக்காரன் சாத்துகிறான். நாய்க் கொட்டிலிலிருந்தும் விரட்டப்படுகிறான். இது ஏழையின் பாடு இல்லை. காசு இருந்தும் சோறு கிடைக்காதவனின் பாடு. அதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது.

3

கடப்பாக்கத்தில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். காலனிப் பிள்ளைகளும் இருளர் குடியிருப்புப் பிள்ளைகளும் வருவார்கள். பெரியவர்களும் வந்து உட்கார்வதுண்டு. கொஞ்ச நாளைக்கு முன்னால் இறால் பண்ணை ஒன்றில் மோட்டார் காணாமல் போனது. இரவோடு இரவாக வந்து இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பையனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் அவன்? காரணம் கேட்டால் யாரிடமும் இல்லை. இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது என்று காகிதத்தில் எழுதாவிட்டால் எந்தச் சட்டமும் கிடையாது போலிருக்கிறது. வக்கீலோடு போய் நின்றோம். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மோட்டாரை எடுத்தது யார் என்று பிறகு தெரிந்தது. பண்ணையில் வேலை பார்த்தவனே. இந்தப் பையனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் வந்த மறுவாரம் வகுப்பில் நான் தீஞ் நகரத்து இரவைக் கதையாகச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தி கேட்டாள்.

“அந்தாளு இன்னா ஜாதிம்மா?”

“அந்த ஊர்ல ஜாதி கெடயாது ஆயா.”

“ஜாதி இல்லாத ஊர்ல எதுக்குக் கதவ சாத்தறானுங்க?”

“அவன் கையில ஒரு மஞ்ச சீட்டு இருக்கு ஆயா. போற எடத்துல எல்லாம் காட்டணும். ஜெயில்ல இருந்தவன், ஆபத்தானவன்னு அதுல எழுதியிருக்கும்.”

“அப்ப அதான் அவன் ஜாதி.”

நான் ஐந்து வருஷம் தமிழ் இலக்கியம் படித்து எட்டாத இடத்துக்கு ஆயா நாலு கேள்வியில் போய்விட்டாள். பிரான்சில் விடுதலையான கைதிக்குக் கொடுத்த மஞ்சள் கடவுச்சீட்டு அது. ஹியூகோ உயிரோடிருந்தபோதே, 1871-இல், வெள்ளைக்காரன் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தான். 1911-இல் அதைத் திருத்தி விரித்தான். சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. வல்ழானுக்காவது ரொட்டி திருடிய பிறகுதான் சீட்டுக் கொடுத்தார்கள். இங்கே பிறந்தவுடனேயே சீட்டு. இந்த மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் சட்டம் போனது. சட்டம் போய்விட்டது, மோட்டார் காணாமல் போனால் எந்தத் தெருவுக்கு வண்டி போக வேண்டும் என்ற ஞாபகம் போகவில்லை.

ஆயாவின் பேச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓர் அடி போகலாம். வல்ழான் தன் சீட்டைத் தொலைத்துவிட முடிகிறது. வேறு ஊருக்குப் போகிறான். நுழைகிற அன்றைக்கு ஒரு கட்டடம் தீப்பிடித்து எரிகிறது. உள்ளே புகுந்து போலீஸ் அதிகாரி ஒருவரின் குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். அந்தப் பரபரப்பில் அவனிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு கறுப்பு மணித் தொழிற்சாலை வைத்து, கடைசியில் நகரத்து மேயராகவும் ஆகிவிடுகிறான். நாவலே இந்த ஒரு கணத்தின் மேல்தான் நிற்கிறது. இங்கே அது நடக்குமா? நெருப்பு அணைந்ததும் ‘தம்பி எந்த ஊரு, எந்தப் பக்கம்?’ என்று கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் கரையும் அடிபட்டது, ஆலம்பரைக் கோட்டைச் சுவரும் இடிந்தது. செத்த பிணத்துக்குச் சாதி தெரியவில்லை. நிவாரண முகாமில் தெரிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியிலும் வரிசையிலும் தலித்துகளும் இருளர்களும் ஒதுக்கப்பட்ட கதைகள் கடலோர மாவட்டங்களிலிருந்து பலமுறை பதிவாகியிருக்கின்றன.

வல்ழானை ஒரு காகிதம் துரத்தியது. இருளர் ஒரு காகிதத்துக்காக ஆர்.டி.ஓ. அலுவலகப் படிக்கட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். எஸ்.டி. சாதிச் சான்று கேட்டால், நீ இருளன்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்பார்கள். மோட்டார் காணாமல் போன ராத்திரி மட்டும் ஆதாரம் தேவைப்படவில்லை.

4

நாவலில் நம்மவன் யார்? வல்ழான் இல்லை என்று நினைக்கிறேன். ஷாம்மாத்தியே.

பல பேருக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்காது. ஆப்பிள் பழம் திருடியதாகப் பிடிபட்ட ஒரு கிழவன். இவன்தான் ழான் வல்ழான் என்று போலீசும் பழைய கைதிகளும் சாட்சி சொல்கிறார்கள். நிரூபணமானால் ஆயுள் தண்டனை. அராஸ் நகர நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். அவனுக்குப் பேச வரவில்லை. என்னென்னவோ சம்பந்தமில்லாமல் சொல்கிறான். தன் கஷ்டத்தைச் சொல்கிறான். கோர்ட்டே சிரிக்கிறது. அப்போது மேயராக இருக்கிற உண்மையான வல்ழான் வந்து, நான்தான் அவன் என்று எழுந்து நிற்கிறான். உலக இலக்கியத்தின் பெரிய கட்டங்களில் ஒன்று என்பார்கள். எல்லார் கண்ணும் வல்ழான் மேல்தான் இருக்கிறது. கிழவன் விடுதலையாகி, எல்லாருக்கும் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு வெளியே போகிறான். அதோடு சரி. ஆயிரம் பக்கத்துக்கும் மேலே ஓடுகிற நாவல், பாரீஸின் சாக்கடைகளுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் கொடுத்த நாவல், அவன் எங்கே போனான், என்ன தின்றான் என்று பிறகு கேட்கவில்லை.

கழுவெளிக் கரையில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்தப் பையன் ஷாம்மாத்தியே. அடுத்தவன் பெயரில் பிடிபடுகிறவன், பேசினால் சிரிக்கப்படுகிறவன். அவனுக்காக மேயர் யாரும் எழுந்து நிற்பதில்லை.

பெண்கள் பக்கமிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபாந்தீன் தெருவுக்கு வந்ததற்கு யார் காரணம்? வல்ழானின் தொழிற்சாலைதான். ஆண் பெண்ணைத் தனித்தனிப் பட்டறையில் வைத்து ஒழுக்கத்தைக் கண்காணிக்கிற தொழிற்சாலை. அவளுக்குக் குழந்தை இருப்பது தெரிந்ததும் மேற்பார்வைக்காரி வெளியே அனுப்புகிறாள், மேயரின் பெயரைச் சொல்லியே. மேயருக்கு விஷயமே தெரியாது. முடியை விற்று, பல்லை விற்று, கடைசியில் உடம்பை விற்கிறாள். விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறிப் போகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்த இடத்தைச் சொன்னால், ‘அப்ப அந்த மொதலாளிய நல்லவன்னு ஏன்க்கா சொல்றாங்க?’ என்று கேட்கிறார்கள். விமர்சகர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

5

பின்னால் வந்த கதைகள் என்ன செய்தன? 1950-இல் பட்சிராஜா ஸ்டுடியோ ‘ஏழை படும் பாடு’ படத்தை எடுத்தது. கே. ராம்நாத் இயக்கம், நாகையா கதாநாயகன். கைதிக்குத் தமிழ்ப் பெயர் கொடுத்தார்கள், கந்தன். போலீஸ்காரனுக்கு மட்டும் ஜாவர் என்ற பெயரே நின்றது. அந்த வேஷம் போட்ட சீதாராமன் சாகும்வரை ஜாவர் சீதாராமன். கஷ்டப்படுகிறவன் நம்மாள், கஷ்டப்படுத்துகிறவன் வெளியாள் என்று ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. லத்தி பிடித்த கை மாறியிருந்தது. பெயரையும் மாற்றியிருந்தால் பார்க்கிறவனுக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

1972-இல் வந்த ‘ஞான ஒளி’யில் இந்த நாவலின் எலும்புக்கூட்டைச் சுலபமாகக் கண்டுகொள்ளலாம். தப்பியோடுகிறவன், பெயர் மாற்றிப் பணக்காரனாகத் திரும்புகிறவன், விடாத இன்ஸ்பெக்டர், ஒரு பாதிரியார். குற்றம் மட்டும் மாறிவிட்டது. ரொட்டி இல்லை. மகளை ஏமாற்றியவனை அடித்துக் கொன்ற குற்றம். பசி போய் மானம் வந்துவிட்டது. சிவாஜி நடிப்பு பெரியதுதான். ஆனால் பசிக்காகத் திருடுகிறவனைக் கதாநாயகனாக்கத் தமிழ் சினிமாவுக்கு மனசு வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

2001-இல் பிரான்சில் ஃபிரான்சுவா செரேசா என்பவர் இந்த நாவலுக்குத் தொடர்ச்சி எழுதினார். ஆற்றில் விழுந்து செத்த ழாவேரை உயிரோடு கொண்டுவந்தார். ஹியூகோவின் வாரிசு வழக்குப் போட்டார். தொடர்ச்சி எழுதுவதை அப்படியே தடுத்துவிட முடியாது என்று 2007-இல் அந்த நாட்டு உச்ச முறையீட்டு மன்றம் சொன்னது. துயரப்பட்டவர்களின் கதை யாருடைய சொத்து என்று சண்டை. அதில் துயரப்பட்டவர் யாரும் கட்சிக்காரர் இல்லை.

ழாவேர் ஆற்றில் விழுந்ததை வகுப்பில் சொன்னபோது அந்தப் பையன்தான் கேட்டான்: “எதுக்குக்கா வுழுந்தான்?” சட்டமே தப்பு என்று தெரிந்துவிட்டது, தாங்க முடியவில்லை என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹியூகோ தன் வர்க்கத்தின் மனசாட்சியை நம்பினார். நல்ல பாதிரி, நல்ல முதலாளி, கடைசியில் நல்ல போலீஸ். அந்த நம்பிக்கை கிழிகிற இடம் ஒன்றை அவரே கடைசியில் எழுதியிருக்கிறார். யாரும் பேசுவதில்லை. கோசெத்தை அடிமை மாதிரி வேலை வாங்கிய தெனார்தியே, புரட்சித் தடுப்பரணில் நின்ற மரியுஸ் கொடுத்த பணத்தோடு அமெரிக்கா போகிறான். அங்கே அடிமை வியாபாரி ஆகிறான். ஒரு வரியில் சொல்லிவிட்டு நாவல் நகர்ந்துவிடுகிறது. அந்த வியாபாரம் எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. 1750 முதல் 1760 வரை ஆலம்பரைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. புதுச்சேரியில் ஆட்களைப் பிடித்து ஒளித்து வைத்து அடிமைகளாகக் கப்பலேற்றிய சங்கதி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. பிரெஞ்சு எங்கள் கரைக்கு முதலில் நாவலாக வரவில்லை.

6

அப்படியானால் இந்த நாவலை ஒதுக்கிவிடலாமா? கூடாது. வேறு கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். லாஜ் லீ 2019-இல் ‘லே மிஸெராப்ல்’ என்ற அதே பெயரில் படம் எடுத்தார். தெனார்தியேயின் சத்திரம் இருந்ததாக ஹியூகோ எழுதிய அதே மோன்ஃபெர்மெய்தான் களம். இன்று ஆப்பிரிக்க, அரபு வம்சாவளிக் குடும்பங்கள் வாழும் குடியிருப்புகள், பிள்ளைகளைத் துரத்துகிற போலீஸ். இயக்குநர் அங்கேயே வளர்ந்தவர். அந்தப் படத்தில் பாதிரியார் வெள்ளித் தண்டு கொடுப்பதில்லை, யாரும் ஆற்றில் விழுவதில்லை. தலைப்பு அதன் சொந்தக்காரர்களிடம் வந்து சேர்ந்தது.

தமிழிலும் இது நடந்திருக்கிறது. பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வந்தது. அதில் ஓடுகிறவன் ஒரு பையன். தனியாக ஓடவில்லை, அப்பனோடு ஓடுகிறான். சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவந்து தருகிறார்கள். அருள் பாலிக்கிற ஆள் தேவைப்படவே இல்லை. மு. சந்திரகுமார் என்ற ஆட்டோ ஓட்டுநர், ஆந்திராவில் செய்யாத திருட்டுக்காகப் பிடித்து அடிக்கப்பட்ட அனுபவத்தை ‘லாக்கப்’ என்று 2006-இல் எழுதினார். அது ஷாம்மாத்தியே தானே எழுதிய நாவல். ‘ஜெய் பீம்’ 2021-இல் வந்து இருளர் என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது, நல்லது. ஆனால் அங்கேயும் கடைசியில் நம் கண் வக்கீல் மேல்தான் நிற்கிறது. அராஸ் நீதிமன்றம் மாதிரி.

திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் கல்யாணியும் தோழர்களும் 1990-களிலிருந்து பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகச் செய்த வேலைகளில் ஒன்று, இப்படிப்பட்ட பொய் வழக்குகளைக் கேட்டு எழுதி வைத்தது. இலக்கியம் என்று யாரும் அதைச் சொல்லவில்லை. எனக்கு அது இந்த நாவலின் விட்டுப்போன அத்தியாயமாகப் படுகிறது.

நாங்களும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். பையன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அந்த இரண்டு ராத்திரியைப் பற்றி இதுவரை மூணு பக்கம்தான் வந்திருக்கிறது. நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுகிறான். என்னென்னவோ சம்பந்தமில்லாமல் சொல்கிறான் – தண்ணி ஏறின நாள், அவன் அம்மா பிடித்த இறால், காணாமல் போன ஆடு. அதையும் விடாமல் எழுதுகிறேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.